கரன்ட் போய் வந்தாலும் டேட்டா பார்ட்டிஷன் தானா மவுண்ட் ஆகணும்: அஞ்சு வாரத்து போர்டு வேலை

நேத்து ராத்திரி டெஸ்டுக்கு வச்ச ரிலே (கரன்டை தானா கட் பண்ற சுவிட்ச்) 300-ஆவது தடவையா போர்டோட பவரை கட் பண்ணிட்டு திரும்பக் குடுத்துச்சு, சீரியல் கன்சோல்ல (போர்டோட மெசேஜை ஒயர் வழியா காட்டறது) வரி வரியா ஓடி கடைசில "டேட்டா மவுண்ட் ஓகே"ன்னு நான் ஸ்கிரிப்ட்ல எழுதி வச்ச மெசேஜ் வந்துச்சு. 300-க்கு 300. மவுண்ட்னா டிஸ்க்கோட ஒரு பகுதியை, அதாவது பார்ட்டிஷனை, ஒரு டைரக்டரில இணைச்சு படிக்க எழுத வைக்கறது. இதுக்கு முன்னாடி ஓட்டின ரெண்டு ரவுண்டுல ஒண்ணு 23-லயும் இன்னொண்ணு 140-லயும் நின்னு போச்சு, அதனால இந்த தடவை முடியற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ஞாபகம் இருக்கும்போதே எல்லாத்தையும் வரிசையா எழுதி வச்சிடறேன், தப்பா போன இடங்களையும் சேர்த்து, ஏன்னா இதே தப்பை அடுத்த போர்டுலயும் பண்ணிருவேன்னு எனக்கு நல்லா தெரியும்.

போர்டு சின்னதுதான். ஏஆர்எம் சிப், 512 எம்பி ரேம், 4 ஜிபி இஎம்எம்சி (ஃபிளாஷ் ஸ்டோரேஜ் சிப்) போர்டுலயே சால்டர் ஆகி இருக்கு, ஒரு எஸ்டி கார்டு ஸ்லாட், ஒரு யூஎஸ்பி போர்ட். இமேஜ், அதாவது போர்டுல எழுதற லினக்ஸ் மொத்தமும், பில்ட்ரூட்ங்கற டூல்ல நானே பில்ட் பண்ணது, உள்ள பிஸிபாக்ஸ் (சின்ன கமாண்டெல்லாம் ஒண்ணா சேர்ந்த புரோகிராம்) இனிட், பூட்ல முதல்ல ஓடி மத்ததை ஆரம்பிக்கறது அதுதான். வேலை என்னன்னா சென்சார் ரீடிங்கை 10 செகண்டுக்கு ஒரு தடவை எடுத்து ஃபைல்ல எழுதணும், யாராவது பென்டிரைவ் சொருகினா அதுல காப்பி பண்ணிக் குடுக்கணும். இஎம்எம்சில மூணு பார்ட்டிஷன்: முதல் 64 எம்பி ஃபேட் ஃபைல் சிஸ்டம், யூ-பூட் (பவர் வந்ததும் ஓடற பூட்லோடர்) லினக்ஸ் கர்னல் எடுக்கறதுக்கு, ரெண்டாவது 96 எம்பி ரூட், அதாவது சிஸ்டம் ஃபைலெல்லாம் இருக்கறது, எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம், மிச்சம் எல்லாம் டேட்டா, அதுவும் எக்ஸ்ட்4. ரீடிங்கெல்லாம் இந்த மூணாவதுலதான் இருக்கணும்.

டூல்ஸ்ல முக்கியமானது 3.3 வோல்ட் யூஎஸ்பி சீரியல் அடாப்டர். பாட் ரேட் 115200, மூணே ஒயர். 5 வோல்ட் லெவல் குடுக்கற அடாப்டரை இதுல மாட்டாதீங்க, சிப்போட பின் போயிரும். இந்த அடாப்டர் இல்லாம பூட் மவுண்ட் பிரச்சனையை தேடவே முடியாது, ஏன்னா நெட்வொர்க் மேல வர்றதுக்கு முன்னாடியே எல்லாம் நடந்து முடிஞ்சிரும், எஸ்எஸ்ஹெச்ல உள்ள போய் பாக்கும்போது நடந்ததுக்கு தடயமே இருக்காது.

முதல்ல எஃப்எஸ்டேப்ல (எதை எங்க மவுண்ட் பண்ணணும்னு லிஸ்ட் இருக்கற ஃபைல்) ரெண்டு வரி சேர்த்தேன். ஒண்ணு எம்எம்சிபிஎல்கே0பி3-ஐ, அதாவது இஎம்எம்சியோட மூணாவது பார்ட்டிஷனை, டேட்டா டைரக்டரில மவுண்ட் பண்ண, இன்னொண்ணு எஸ்டிஏ1-ஐ, அதாவது பென்டிரைவை. பில்ட்ரூட்டோட இனிட்டேப் ஃபைல்லயே (இனிட் என்னென்ன ஓட்டணும்ங்கற லிஸ்ட்) "மவுண்ட் -ஏ" வரி இருக்கு, அது எஃப்எஸ்டேப்ல இருக்கறதையெல்லாம் மவுண்ட் பண்ற கமாண்ட், ஸ்டார்ட் ஸ்கிரிப்டையெல்லாம் ஓட்டற ஆர்சிஎஸ் ஸ்கிரிப்ட் ஓடறதுக்கு முன்னாடியே அது ஓடிரும், அதனால எஃப்எஸ்டேப்ல இருக்கறதெல்லாம் தானா மேல வரும்னு எடுத்துக்கிட்டேன். டேட்டா வந்துச்சு. பென்டிரைவ் வரல.

லாகின் பண்ணி கையால மவுண்ட் அடிச்சா "நோ சச் டிவைஸ்"னு எர்ரர். இந்த மெசேஜ்தான் என்னோட ரெண்டு சாயங்காலத்தை சாப்பிட்டுச்சு. டிவைஸ் இல்லன்னு சொல்லுது, ஆனா டெவ் டைரக்டரில எஸ்டிஏ1 கண்ணு முன்னாடி இருக்கு, டிமெசேஜ்லயும் (கர்னலோட லாக்) சைஸ் எல்லாம் சரியா காட்டுது. கேபிளை மாத்துனேன், வேற பென்டிரைவ் போட்டேன், பவர் பத்தலையோன்னு யூஎஸ்பி வோல்டேஜ் அளந்தேன், 4.96 வோல்ட், அதுல ஒரு குறையும் இல்ல. அப்புறம்தான் புரிஞ்சுது, மவுண்ட் கமாண்ட்ல "நோ சச் டிவைஸ்" வந்தா பெரும்பாலும் அந்த டிவைஸைப் பத்தி இல்ல, அந்த ஃபைல் சிஸ்டம் டைப் கர்னலுக்கு தெரியலன்னு அர்த்தம். டிவைஸ் ஃபைலே இல்லன்னா "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி"ன்னு வரும், மவுண்ட் பாயின்ட் டைரக்டரி இல்லன்னாலும் அதேதான் வரும். ப்ராக்ல ஃபைல்சிஸ்டம்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கு, அதை கேட் பண்ணா கர்னலுக்கு இப்ப என்னென்ன தெரியும்னு லிஸ்ட் வரும், அதுல விஃபேட் (என் பென்டிரைவ்ல இருந்த ஃபேட் வகை) இல்லவே இல்ல. முதல் பார்ட்டிஷன் ஃபேட்தானே, அது எப்படி ஓடுதுன்னா அதை படிக்கறது யூ-பூட், கர்னல் அதை தொடறதே இல்ல. கர்னல் கான்ஃபிக்ல விஃபேட் மாட்யூலா, அதாவது தேவைப்படும்போது லோட் ஆகற தனி ஃபைலா, இருந்துச்சு, நான் புது கர்னலை மட்டும் போர்டுல எழுதிட்டு மாட்யூல் டைரக்டரியை பழசாவே விட்டிருந்தேன். வெர்ஷன் மேட்ச் ஆகல, அதனால லோடும் ஆகல.

விஃபேட்டை கர்னலுக்குள்ளயே இருக்கற பில்ட்-இன்னா மாத்தி எழுதினதும் எர்ரர் மாறிச்சு: "இன்வேலிட் ஆர்கியூமென்ட்". இந்த தடவை உடனே டிமெசேஜ் பாத்தேன், கோட்பேஜ் சிபி437 கிடைக்கலன்னு கர்னல் தெளிவா சொல்லியிருக்கு. ஃபேட் ஃபைல் பேரை படிக்க அந்த கோட்பேஜ் டேபிளும் ஐஎஸ்ஓ8859-1 டேபிளும் வேணும், ரெண்டும் மாட்யூலா கிடந்துச்சு. ரெண்டையும் பில்ட்-இன் ஆக்கினேன், கையால மவுண்ட் ஆச்சு. பூட்ல இன்னும் ஆகல.

இது டைமிங். சீரியல் லாக்ல டைம் ஸ்டாம்ப் போட்டு பாத்தா "மவுண்ட் -ஏ" ஓடறது 3.1 செகண்ட்ல, எஸ்டிஏ1 கர்னலுக்கு தெரிய வர்றது 4.8 செகண்ட்ல. யூஎஸ்பி ஹப் எழுந்திரிக்கணும், டிவைஸ் பதில் சொல்லணும், அதுக்கு மேல யூஎஸ்பி ஸ்டோரேஜ் டிரைவரே வேணும்னு 1 செகண்ட் காத்திருக்கும், டீஃபால்ட்டே அப்படித்தான். எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன், ஒரு ஸ்டார்ட் ஸ்கிரிப்ட்ல ஸ்லீப் 5 போட்டு அதுக்கு கீழ மவுண்ட். என் மேஜைல இருந்த பென்டிரைவுக்கு பத்துக்கு பத்து வேலை செஞ்சுது. வேற ஒண்ணு, பழசு, 128 ஜிபி, அதுக்கு 7 செகண்ட் மேல ஆச்சு, வரல. ஸ்லீப் 10 போட்டா பென்டிரைவ் இல்லாத போர்டும் ஒவ்வொரு பூட்டுக்கும் 10 செகண்ட் சும்மா நிக்கும். ஸ்லீப்ங்கறது ஒரு ஊகம்தான், ஏதோ ஒரு நாள் அது தப்பாப் போகும், அதனால அந்த வழியையே விட்டுட்டேன்.

பென்டிரைவை எஃப்எஸ்டேப்ல இருந்து எடுத்துட்டு எம்டெவ்-கிட்ட (டிவைஸ் வந்தா போனா கவனிக்கற பிஸிபாக்ஸ் புரோகிராம்) குடுத்தேன். எம்டெவ் கான்ஃபிக் ஃபைல்ல ஒரே வரி: எஸ்டி எழுத்து நம்பர் பேட்டர்ன்ல எது வந்தாலும் இந்த ஸ்கிரிப்டை கூப்பிடு. முன்னாடி நட்சத்திரக் குறி போட்டா சொருகும்போதும் உருவும்போதும் ரெண்டு தடவையும் கூப்பிடும், ஆக்ஷன்ங்கற வேரியபிள்ல ஆட் இல்லன்னா ரிமூவ்னு வரும், அதை பாத்து மவுண்ட் இல்லன்னா அன்மவுண்ட். உருவினதுக்கு அப்புறம் சாதா அன்மவுண்ட் சில சமயம் பிஸின்னு மறுக்கும், அதுக்கு -எல் ஆப்ஷன் போட்டு லேசியா கழட்டணும். ஸ்கிரிப்ட் மொத்தம் 22 வரி. இது போட்ட நாள்ல இருந்து பென்டிரைவ் பக்கம் ஒரு பிரச்சனையும் வரல.

டேட்டா பார்ட்டிஷன் முதல் நாள்லயே வந்துச்சேன்னு அதைப் பத்தி நான் யோசிக்கவே இல்ல, நிஜமான அடி அங்கதான் காத்திருந்துச்சு. ரெண்டாவது வாரக் கடைசில ஒரு போர்டு திடீர்னு எழுதறதை நிறுத்திருச்சு. டிஎஃப் (பார்ட்டிஷன்ல எவ்வளவு இடம் போச்சுன்னு காட்டற கமாண்ட்) போட்டா ரூட் 100 சதவீதம் ஃபுல். டேட்டாதானே ஃபுல் ஆகணும், ரூட் எப்படி ஃபுல் ஆகும்? ரீபூட் பண்ணேன். அதுக்கு முன்னாடி ஸ்லாட்ல இருந்த எஸ்டி கார்டை வேற வேலைக்கு வேணும்னு உருவியிருந்தேன், அது சம்பந்தப்பட்டதுன்னு அப்ப தோணல. ரீபூட் ஆனதும் டேட்டா டைரக்டரில கடைசி ஆறு நாள் ரீடிங்கை காணோம், அதுக்கு முந்தின எல்லாம் இருக்கு, ரூட் மட்டும் இன்னும் ஃபுல். டியூ போட்டு ரூட்ல இருக்கற ஃபைலையெல்லாம் கூட்டினா 70 எம்பி கூட வரல, ஆனா டிஎஃப் 96-ம் போச்சுங்குது.

ஆறு நாள் ரீடிங் போயே போச்சுன்னு நினைச்சு அன்னிக்கு தூக்கம் வரல. மறுநாள் காலைல ரூட்டை வேற ஒரு டைரக்டரில பைண்ட் மவுண்ட் பண்ணி (அதே ரூட்டை இன்னொரு இடத்துலயும் காட்டறது) பாத்தேன், அங்க டேட்டா டைரக்டரிக்குள்ள ஆறு நாள் ஃபைலும் பத்திரமா உக்காந்திருந்துச்சு. நடந்தது இதுதான். எஸ்டி கார்டு ஸ்லாட்ல இருந்தப்ப கர்னல் கார்டுக்கு 0-ன்னும் இஎம்எம்சிக்கு 1-ன்னும் நம்பர் குடுத்திருச்சு. எஃப்எஸ்டேப்ல இருந்த எம்எம்சிபிஎல்கே0பி3 அந்த கார்டுல கிடையாது, கார்டுல ஒரே ஒரு பார்ட்டிஷன்தான். மவுண்ட் ஃபெயில், ஆனா சீரியல்ல ஒரு வரி எர்ரரோட பூட் அப்படியே தொடர்ந்து போயிருச்சு. ரீடிங் எழுதற என் ஆப்புக்கு டேட்டா டைரக்டரி இருக்கு, எழுத முடியுது, அது போதும், ரூட் பார்ட்டிஷன்ல இருக்கற அந்த வெறும் டைரக்டரிக்குள்ளயே எழுதி தள்ளிருச்சு, டீபக் லாக்கும் சேர்த்து நாளைக்கு 3 எம்பி. கார்டை உருவி ரீபூட் பண்ணதும் நிஜ பார்ட்டிஷன் அதே டைரக்டரி மேல வந்து உக்காந்துச்சு, அடியில இருந்த ஃபைலெல்லாம் மறைஞ்சு போச்சு. அழியல, மறைஞ்சுது. டியூ அதை எண்ண முடியாது, டிஎஃப் எண்ணும், கணக்கு இடிச்சதும் அதனாலதான்.

ரூட் மட்டும் எப்படி குழம்பலன்னா யூ-பூட்டோட பூட்ஆர்க்ஸ்ல (கர்னலுக்கு குடுக்கற ஆப்ஷன் வரி) ரூட்டுக்கு பார்ட்யூயூஐடி குடுத்திருந்துச்சு, நம்பர் மாறினாலும் அது சரியான பார்ட்டிஷனை பிடிச்சிரும். அப்ப டேட்டாவுக்கும் அதே மாதிரி நிலையான அடையாளம் வேணும். இதுல ஒரு சின்ன குறுக்கு வழி எடுத்து மாட்டிக்கிட்டேன்: ரெண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும்னு பூட்ஆர்க்ஸ்லயும் ஃபைல் சிஸ்டத்தோட யூயூஐடியை (ஃபார்மட் பண்ணும்போது அதுக்கு கிடைக்கற அடையாள நம்பர்) போட்டேன், போர்டு பூட்டே ஆகல. ஃபைல் சிஸ்டம் யூயூஐடியை கர்னல் தானா தேடாது, அதை தேடறது இனிட்ராம்எஃப்எஸ்ல (ரூட்டுக்கு முன்னாடி ரேம்ல ஓடற சின்ன சிஸ்டம்) இருக்கற புரோகிராமோட வேலை, என் இமேஜ்ல இனிட்ராம்எஃப்எஸ் கிடையாது. பார்ட்யூயூஐடின்னா பார்ட்டிஷன் டேபிள்ல இருக்கற நம்பர், அதை மட்டும் கர்னலே படிச்சுக்கும். பேர் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கறதால எளிதா குழம்பிரும், கவனமா இருங்க. யூ-பூட் ப்ராம்ப்ட்ல நின்னு பழைய வரியை கையால திரும்ப அடிச்சு சேவ் பண்ணேன்.

டேட்டாவுக்கு லேபிள் வச்சேன், டியூன்2எஃப்எஸ் -எல் போட்டா ஃபார்மட் பண்ணாமலே லேபிள் குடுக்கலாம். எஃப்எஸ்டேப்ல லேபிள்=டேட்டான்னு எழுதி ரீபூட் பண்ணா "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி". என் பிஸிபாக்ஸ் கான்ஃபிக்ல லேபிள், யூயூஐடி பாத்து மவுண்ட் பண்ற ஆப்ஷன் ஆஃப்ல இருந்துச்சு, அதனால "லேபிள்=டேட்டா"ங்கறதை அது ஒரு ஃபைல் பேர்னே எடுத்துக்கிச்சு. அந்த ஆப்ஷனை ஆன் பண்ணா மட்டும் பத்தாது, வால்யூம்ஐடி பகுதில எக்ஸ்ட் வகையையும் தனியா ஆன் பண்ணணும். பண்ணி பில்ட் போட்டதும் ஓடுச்சு. கார்டு உள்ள, கார்டு வெளிய, நாலஞ்சு தடவை மாத்தி மாத்தி பாத்தேன், லேபிள் சரியா பிடிக்குது. டிவைஸ் ட்ரீல (போர்டுல என்னென்ன ஹார்டுவேர்னு கர்னலுக்கு சொல்ற ஃபைல்) அலையஸ் போட்டு எம்எம்சி நம்பரையே நிலையா வைக்கற வழியும் இருக்கு, அதையும் பின்னாடி போட்டுக்கிட்டேன், லாக் படிக்க வசதியா இருக்கு.

நம்பர் மாறினது ஒரு பக்கம், மவுண்ட் ஃபெயில் ஆனதை ஆப் கண்டுக்காம எழுதினது இன்னொரு பக்கம், அதுதான் என்னை ரொம்ப உறுத்துச்சு. மவுண்ட் ஆகறதுக்கு மட்டும் வழி பண்ணிட்டு, ஆகலன்னா போர்டு என்ன செய்யணும்னு நான் முடிவே பண்ணி வைக்கல. லேபிள் போட்டாச்சு, ஆனா நாளைக்கு ஃபைல் சிஸ்டமே கெட்டுப் போனா மறுபடி அதே கதைதான். அதனால ரூட்டை ரீட்-ஒன்லி ஆக்கினேன். பில்ட்ரூட்ல ரூட்டை ரீட்-ரைட்டா ரீமவுண்ட் பண்ற ஆப்ஷனை எடுத்துவிட்டா இனிட்டேப்ல அந்த வரி ஆஃப் ஆயிரும். எழுதற தேவை இருக்கற டெம்ப், ரன், லாக் எல்லாம் டிஎம்பிஎஃப்எஸ்ல, அதாவது ரேம்லயே இருக்கற ஃபைல் சிஸ்டத்துல. இப்ப டேட்டா மவுண்ட் ஆகலன்னா அந்த டைரக்டரில எழுதினா எர்ரர் வரும், சத்தம் போடாம ரூட்டை நிரப்பாது. ரூட்டை ரீட்-ரைட்டா வச்சுத்தான் ஆகணும்னா அந்த வெறும் டைரக்டரிக்கு மவுண்ட் பண்றதுக்கு முன்னாடி சிஹெச்அட்டர் +ஐ போட்டுருங்க, ரூட் யூசர் கூட அதுக்குள்ள ஃபைல் போட முடியாது, மேல மவுண்ட் ஆனா அதுக்கு தடை இல்ல.

இதை முடிச்சு வேற மெஷின்ல புதுசா பில்ட் பண்ணேன், டேட்டா மவுண்ட் ஆகல, மறுபடி "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி". இந்த தடவை டைரக்டரியே இல்ல. ரூட் ஓவர்லேல (பில்ட்ரூட் இமேஜ் மேல காப்பி பண்ற என் ஃபைலெல்லாம் இருக்கற இடம்) வெறும் டேட்டா டைரக்டரி வச்சிருந்தேன், கிட் (கோடை சேமிச்சு வைக்கற டூல்) வெறும் டைரக்டரியை சேவ் பண்ணாது, குளோன் பண்ணப்ப அது வரவே இல்ல. உள்ள டாட் எம்ப்டின்னு ஒரு ஃபைல் போட்டு கமிட் பண்ணேன், அந்த பேர்ல இருக்கறதை பில்ட்ரூட் இமேஜுக்குள்ள காப்பி பண்ணாம விட்டுடும், டைரக்டரி மட்டும் போகும்.

அடுத்தது பவர் கட் டெஸ்ட். ஒரு ரிலே, அதை ஓட்ட சின்ன மைக்ரோகன்ட்ரோலர், 8-ல இருந்து 70 செகண்டுக்குள்ள ரேண்டமா ஒரு நேரம் ஆன்ல வச்சிருந்து கட் பண்ணும், கொஞ்சம் விட்டு திரும்பக் குடுக்கும். ரேண்டம் ஏன்னா பூட்டோட நடுவுலயும், மவுண்ட் ஆகற நொடிலயும், எழுதற நொடிலயும், எல்லா இடத்துலயும் வெட்டணும். ஆரம்பத்துல 1 செகண்ட்தான் ஆஃப்ல வச்சேன், 50 தடவை ஓடி ஒரு தப்பும் இல்ல, சந்தோஷப்பட்டேன், அப்புறம் மல்டிமீட்டரை 3.3 வோல்ட் ரெயில்ல வச்சு பாத்தா ஆஃப் பண்ணியும் 0.9 வோல்ட் அப்படியே நிக்குது. சீரியல் அடாப்டரோட டிஎக்ஸ் லைன் வழியா போர்டுக்குள்ள கரன்ட் போய்க்கிட்டு இருந்திருக்கு, போர்டு முழுசா சாகவே இல்ல, அந்த 50-ஐயும் கணக்குல இருந்து தூக்கிட்டேன். அந்த லைன்ல ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் சேர்த்து, ஆஃப் நேரத்தை 5 செகண்ட் ஆக்கினேன், ரெயில் 0.1-க்கு கீழ இறங்குச்சு. அதுக்கப்புறம் ஓட்டினதுதான் நிஜ டெஸ்ட், 23-ஆவது தடவை டேட்டா வரல.

எக்ஸ்ட்4-க்கு ஜர்னல் (மாத்தப் போறதை முதல்ல எழுதி வைக்கற குறிப்பு) இருக்கு, பவர் போனா அடுத்த மவுண்ட்ல ஜர்னலை திரும்ப ஓட்டி சரி பண்ணிக்கும், 22 தடவை அதுதான் நடந்துச்சு. 23-ல வேற ஏதோ கெட்டுருக்கு, மவுண்ட் மறுக்குது. எஃப்எஸ்டேப் வரியோட கடைசி ஃபீல்டுல 2 போட்டிருந்தேன், எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தை செக் பண்ற புரோகிராம்) தானா ஓடும்னு நம்பி. பிஸிபாக்ஸ் இனிட்ல அந்த ஃபீல்டை யாரும் படிக்கறதே இல்ல, எஃப்எஸ்சிகே-ன்னு யாராவது கூப்பிட்டாத்தான் அது ஓடும். இமேஜ்ல எக்ஸ்ட்4-ஐ செக் பண்ற ஈ2எஃப்எஸ்சிகே கூட இல்ல.

அதை சேர்த்து ஒரு ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் எழுதினேன், முதல் ரன்லயே ஏற்கனவே மவுண்ட் ஆயிருக்குன்னு சொல்லி நிறுத்திருச்சு, ஏன்னா "மவுண்ட் -ஏ" அதுக்கு முன்னாடியே மவுண்ட் பண்ணி முடிச்சிருது. எஃப்எஸ்டேப் வரில நோஆட்டோ சேர்த்தேன், இப்ப மவுண்ட் பண்றது முழுக்க ஸ்கிரிப்ட் பொறுப்பு. கடைசியா நின்ன வரிசை இது: லேபிள் தெரியுதான்னு அரை செகண்டுக்கு ஒரு தடவை பாக்கும், அதிகபட்சம் 10 செகண்ட், கிடைச்ச உடனே மேல போகும். ஈ2எஃப்எஸ்சிகே -பி ஓட்டும், கேக்காம சரி பண்ண முடியறதை மட்டும் அது பண்ணும். திரும்பி வர்ற நம்பர் 0 இல்லன்னா 1 வந்தா நல்லது, 1-ன்னா ஏதோ இருந்துச்சு சரி பண்ணிட்டேன்னு அர்த்தம். 4 வந்தா தானா சரி பண்ண பயப்படுது, அப்ப -ஒய் போட்டு ஒரு தடவை முழுசா. அப்புறம் மவுண்ட், நோஅடைமோட (ஃபைலை படிச்ச நேரத்தை எழுதாம விடற ஆப்ஷன்). அதுக்கும் மேல ஃபெயில் ஆனா அதே டைரக்டரில 16 எம்பி டிஎம்பிஎஃப்எஸ் மவுண்ட் பண்ணி சிவப்பு எல்இடியை சிமிட்ட விடும்.

-ஒய் போடறதுல எனக்கு தயக்கம் இருந்துச்சு, எது கேட்டாலும் சரின்னு சொல்லிரும், ஃபைல் லாஸ்ட்-அண்ட்-ஃபவுண்டுக்கு (இடம் தெரியாத ஃபைலை போடற டைரக்டரி) போகலாம். ஆனா போர்டு பக்கத்துல ஆளே இல்லாத இடத்துல நின்னு போறதை விட ஒரு ஃபைல் போறது மேல்னு முடிவு பண்ணேன், இது ஒவ்வொருத்தர் வேலையைப் பொறுத்து மாறும். டிஎம்பிஎஃப்எஸ் போட்டதுக்கு காரணம், ரீடிங் ஒண்ணு 40 பைட், நாளைக்கு 8640 ரீடிங், அதாவது 340 கேபிக்கு கொஞ்சம் குறைவு, டீபக் லாக்கை நிறுத்திட்டா 16 எம்பி ஒன்றரை மாசம் தாங்கும், அதுக்குள்ள யாராவது எல்இடியை பாத்து பென்டிரைவ்ல எடுத்துரலாம், நடுவுல பவர் போகாத வரைக்கும்.

இதுல ஒரு விஷயம் குழப்புச்சு, ஒழுங்கா ஷட்டவுன் பண்ணாலும் அடுத்த பூட்ல எஃப்எஸ்சிகே 1-ஐயே திருப்புது. போர்டுல ஆர்டிசி (பவர் போனாலும் ஓடற கடிகாரம்) பேட்டரி இல்ல, பூட் ஆகும்போது கடிகாரம் 1970-ல இருக்கும், சூப்பர்பிளாக்ல (ஃபைல் சிஸ்டத்தைப் பத்தின விவரம் இருக்கற இடம்) போன தடவை எழுதின நேரம் நிஜ தேதில இருக்கும், எதிர்காலத்துல எழுதியிருக்குன்னு சொல்லி அதை திருத்திக்கிட்டே இருந்திருக்கு. ஈ2எஃப்எஸ்சிகே கான்ஃப் ஃபைல்ல ப்ரோக்கன் சிஸ்டம் கிளாக்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை ட்ரூ ஆக்கினா அந்த செக்கை விட்டுடும். இப்ப 1 வந்தா நிஜமாவே ஏதோ சரி பண்ணியிருக்குன்னு நம்பலாம்.

ரெண்டாவது ரவுண்டு 140-ல நின்னது மவுண்ட் பிரச்சனை இல்ல. மவுண்ட் ஆச்சு, ஆனா அன்னிக்கு ஃபைல் 0 பைட். ஆப் ஃபைலை எழுதிட்டு எஃப்சிங்க் (ரேம்ல இருக்கறதை டிஸ்க்ல எழுத வைக்கறது) கூப்பிடவே இல்ல, டேட்டா இன்னும் ரேம்லயே இருக்கும்போது பவர் போயிருக்கு. நிமிஷத்துக்கு ஒரு தடவை, அதாவது 6 ரீடிங்குக்கு ஒரு எஃப்சிங்க் போட்டேன், போனா கடைசி ஒரு நிமிஷம் போகும், அது பரவால்ல. மவுண்ட்லயே சிங்க் ஆப்ஷன் போட்டும் பாத்தேன், காப்பி வேகம் ரொம்ப விழுந்துச்சு, இஎம்எம்சிக்கும் தேய்மானம், எடுத்துட்டேன். ஆப் ஆரம்பிக்கும்போது "மவுண்ட்பாயின்ட் -க்யூ" போட்டு டேட்டா நிஜமா மவுண்ட் ஆயிருக்கான்னு பாத்துட்டுத்தான் இப்ப எழுத ஆரம்பிக்குது. மூணாவது ரவுண்டுதான் நேத்து முடிஞ்சது.

நடுவுல இதே ஆப்பை சிஸ்டம்டி (பிஸிபாக்ஸ் இனிட்டுக்கு பதிலா இருக்கற பெரிய இனிட்) ஓடற இன்னொரு போர்டுலயும் வச்சேன், அங்க எஃப்எஸ்டேப் வேற மாதிரி நடந்துக்கும். வரியை சிஸ்டம்டி படிச்சு மவுண்ட் யூனிட்டா மாத்திக்கும், டிவைஸ் வரலன்னா 90 செகண்ட் காத்திருந்து எமர்ஜென்சி மோடுக்கு போயிரும், கீபோர்டும் ஸ்கிரீனும் இல்லாத போர்டுல எமர்ஜென்சி மோடுன்னா செங்கல் மாதிரிதான். நோஃபெயில் போட்டா பூட் நிக்காது, எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=10எஸ்னு போட்டா காத்திருக்கறதும் குறையும். ஆனா நோஃபெயில் போட்டதும் மவுண்ட் முடியறதுக்கு முன்னாடியே ஆப் ஓட ஆரம்பிச்சிரலாம், ஏன்னா பூட் அதுக்காக நிக்கறதில்ல. ஆப்போட சர்வீஸ் ஃபைல்ல ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்னு போட்டு டேட்டா டைரக்டரி பேரை குடுத்தேன், மவுண்ட் ஆனாத்தான் ஆப் ஓடும். மவுண்ட் யூனிட்டை கையால எழுதறவங்க கவனிக்க: யூனிட் ஃபைல் பேர் மவுண்ட் பாத்தோட பேரா இருந்தே ஆகணும், பாத்துல ஹைஃபன் இருந்தா சிஸ்டம்டி-எஸ்கேப் -பி குடுக்கற பேரை அப்படியே போடுங்க. நான் ஹைஃபனே இல்லாத பாத்தா மாத்திட்டேன்.

செலவுன்னு பாத்தா: ஈ2எஃப்எஸ்சிகே-யும் அதோட லைப்ரரியும் சேர்ந்து இமேஜ்ல 1 எம்பிக்குள்ள ஏறுச்சு. கிளீனா இருக்கும்போது செக் 0.3 செகண்ட், ஜர்னல் ஓட்டினா 0.6, முழு செக் 3 செகண்டுக்கு கீழ. பூட் 9.2-ல இருந்து 9.6 செகண்ட் ஆச்சு, ஸ்லீப் 5 இருந்தப்ப 14-க்கு மேல. வேலை நேரம் கிட்டத்தட்ட 40 மணி நேரம், அதுல பாதி "நோ சச் டிவைஸ்"லயும் அந்த மறைஞ்ச ஆறு நாளைத் தேடறதுலயும் போச்சு.

அடுத்த போர்டுல ஃபார்மட் பண்ணும்போதே லேபிள் வச்சிருவேன், அதோட லேசி இனிட்டை ஆஃப் பண்ணி எம்கேஎஃப்எஸ் பண்ணுவேன், இல்லன்னா முதல் மவுண்டுக்கு அப்புறம் கர்னல் பின்னாடி ரொம்ப நேரம் எழுதிக்கிட்டே இருக்கும், அந்த நேரத்துல பவர் டெஸ்ட் நம்பரெல்லாம் குழம்பும். ரூட்டை ஸ்குவாஷ்எஃப்எஸ்ல (படிக்க மட்டும் முடியற ஃபைல் சிஸ்டம்) வைக்கணும், எக்ஸ்ட்4-ஐ ரீட்-ஒன்லியா மவுண்ட் பண்ணாலும் ஜர்னல் பாக்கி இருந்தா டிஸ்க்ல எழுதும், எழுதவே முடியாத ஒண்ணு இருந்தா நிம்மதி. இஎம்எம்சி முழுக்க டேட்டாவுக்கு குடுக்காம 500 எம்பி சும்மா விடணும், -ஒய் கூட காப்பாத்தலன்னா அங்க புதுசா ஒரு பார்ட்டிஷன் போட்டு ஓட வைக்கலாம். ரிலே டெஸ்டை மவுண்ட் முதல் தடவை வேலை செஞ்ச அன்னிக்கே ஆரம்பிக்கணும், நான் நாலாவது வாரம்தான் ஆரம்பிச்சேன், இது எல்லாத்துலயும் பெரிய தப்பு.

ஒண்ணு பாக்கி இருக்கு. டேட்டா மவுண்ட் ஆகி ஓடிக்கிட்டு இருக்கும்போது நடுவுல எர்ரர் வந்தா எர்ரர்ஸ்=ரீமவுண்ட்-ஆர்ஓ ஆப்ஷன் அதை ரீட்-ஒன்லி ஆக்கிரும், அப்ப "மவுண்ட்பாயின்ட் -க்யூ" ஓகேன்னுதான் சொல்லும், ஆனா எழுத முடியாது. ஆப் எழுதும்போது எர்ரர் வாங்கினா டிஎம்பிஎஃப்எஸ்க்கு மாறி எல்இடியை சிமிட்ட வைக்கணும். அந்த கோடு இன்னும் எழுதல, இந்த சனிக்கிழமை அதைத்தான் எடுக்கறேன், ரிலேவை கழட்டாம அப்படியே மேஜைல வச்சிருக்கேன்.